உதட்டுக்கு முந்திய குரல்

அநியாயம் நடந்தது எனக்கு. பெயர் வே. இசக்கியம்மாள், முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு, சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். நடந்தது இதுதான்: நான் பேசிப் பதிவு செய்து அனுப்பிய பத்து நிமிட மாதிரிப் பாடத்தைப் பார்த்துவிட்டு, அதில் வாயசைப்பது மட்டும்தான் நான், பேசுவது வேறு யாரோ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காகிதம் இதோ மேசையில், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் கிடந்து மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. ‘உதட்டசைவும் ஒலியும் ஒத்துப்போகவில்லை. குரல் மாணவியுடையதுதானா என்பது ஐயத்திற்குரியது, குறிப்பாக ழகர உச்சரிப்பு. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மறுபதிவு வராவிடில் முறைகேடாகக் கொள்ளப்பட்டுப் பூச்சியம் வழங்கப்படும்.’ இன்று சனிக்கிழமை. மணி ஒன்றே முக்கால். பூச்சியம் என்றால் இந்த ஆண்டு பட்டம் கிடையாது, பட்டம் இல்லாவிட்டால் ஜூனில் வந்து சேரச் சொன்ன பள்ளிக்கூடத்தில் வேலை கிடையாது, அதுகூடப் போகட்டும், முறைகேடு என்ற சொல்லை அம்மாவுக்கு நான் என்னவென்று சொல்லி விளக்குவேன். பிட் அடித்தேன் என்றால் அவளுக்குப் புரியும். என் வாயில் இன்னொருத்தி பேசினாள் என்றால் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் நினைப்பாள். நேரில் வந்து பேசிக் காட்டுகிறேன் சார் என்று கிருபாநிதி சாரிடம் நேற்றே கேட்டேன். எங்களுக்கு ஒலியியல் எடுப்பவர் அவர்தான், துறையின் மதிப்பீட்டுப் பொறுப்பும் அவரிடம்தான். “நேர்ல நீ நல்லாத்தாம்மா பேசுவ, யாரு இல்லைன்னா. வெளியூர்ப் பரிசோதகர் பார்க்கறது பதிவைத்தானே. பதிவுல இருக்கறதுதான் நீ” என்றார். பதிவில் இருப்பதுதான் நானாம். அப்படியென்றால் இங்கே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பது யார் சார்.

இந்தக் காகிதத்தின் முதல் இரண்டு வாக்கியங்களும் ஒரே கை எழுதியவை அல்ல. முதல் வாக்கியம் வெளியூர்ப் பரிசோதகருடையது, அதில் எனக்குக் கோபம் இல்லை, உதடு ஒத்துப்போகவில்லை என்பது உண்மைதான், பதிவைப் போட்டுப் பார்த்தால் என் வாய் ஏதோ மொழிமாற்றுப் படத்தில் வருகிறவள் வாய் மாதிரி பின்னாலேயே ஓடி வருகிறது. ஆனால் அந்தப் பரிசோதகர் என்னைப் பார்த்ததே இல்லை, எனக்கு ழகரம் வருமா வராதா என்று அவருக்கு எப்படித் தெரியும். ‘குறிப்பாக’ என்ற அந்தச் சொல் கிருபாநிதி சாருடையது. முதலாண்டு முதல் வாரம் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தபோது நான் வாளைப்பளம் என்றேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “வாளைன்னா மீனும்மா, மீன்ல எப்படிப் பழம் காய்க்கும்” என்றார், நாற்பது பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, நானும் சேர்ந்து சிரித்தது. அன்றிலிருந்து இரண்டு வருடம் நான் வாயைத் திறந்தாலே பின்வரிசையில் எவனாவது மீன் விற்பான். அப்புறம் மாதிரிப் பாடத்துக்குத் தலைப்புச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், எனக்கு வந்த சீட்டில் ‘மயங்கொலிகள்: ல, ள, ழ’. வகுப்பே மேசையைத் தட்டியது. சார்கூடச் சிரித்துவிட்டு, “வேணும்னா மாத்திக்கோம்மா” என்றார். வேண்டாம் என்றேன். நாற்பது நாள். குளியலறையில், மொட்டைமாடிக் கொடிக்கயிற்றுக்கு அடியில், பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. நாக்கு நுனி மேலே வளைய வேண்டும், அண்ணத்தைத் தொடக்கூடாது, தொட்டால் ள, தொடாமல் நின்றால் ழ. தொடாமல் நிற்பதுதான் எவ்வளவு கஷ்டம். நாற்பது நாள் உழைத்தேன், எங்கள் ஊரில் அதை உளைப்பு என்போம், உளைச்சல் அதில் இருக்கத்தான் செய்கிறது. கடைசியில் வந்தது. வந்ததுதான் குற்றமாகிவிட்டது. வராமலே இருந்திருந்தால் உதடு பிந்தினால் என்ன, ஒலி முந்தினால் என்ன, பாவம் இசக்கி, கணினி மக்கர் என்று மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இதில் இன்னொன்று, சார் ஒலியியல் எடுப்பவர், அவருக்குத் தெரியாதா, ழகரம் உதட்டில் இல்லை, உள்ளே நடக்கிறது, உதட்டைப் பார்த்து ழவையும் ளவையும் யாராலும் பிரிக்க முடியாது. உதட்டில் நடப்பது பகரமும் மகரமும்தான். மயங்கொலி என்று நான் சொல்லும்போது அந்த ம், உதடு மூடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறது. பிழை அந்த ம்-இல் இருக்கிறது. தண்டனை ழவுக்கு.

சௌடேஸ்வரி கட்டிலில் குப்புறப் படுத்து, கடலை தின்றுகொண்டே என்னை வேடிக்கை பார்க்கிறாள். என் அறைத்தோழி, கணினிப் பயன்பாடு படிப்பவள், கோபிசெட்டிபாளையத்துக்காரி. மேசையில் துணி காயப்போடும் கிளிப்பை வைத்து நிறுத்தியிருக்கும் வெப்கேம் அவளுடையது, என் லேப்டாப்பில் இருந்த கேமரா போன வருடமே கண்ணை மூடிவிட்டது. “எத்தன டேப் தொறந்து வெச்சிருக்கற புள்ள” என்கிறாள். பதினாலு. “பதினாலையும் முதுகுல ஏத்திட்டு ஓடு ஓடுன்னா அது எங்க ஓடும். மூடு.” மூடினேன். பாட்டுச் செயலியை மூடினேன், வைரஸ் தேடுகிற ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தினேன். பதிவின் அளவைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன். முகத்துக்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்குகிற அலங்காரத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன், பின்னால் என் பாவாடை தொங்குவது தெரிகிறது, தெரியட்டும். கேமரா, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் ஒரே யு.எஸ்.பி. பெட்டியில் செருகியிருந்தன, கேமராவை மட்டும் பிடுங்கி நேராக லேப்டாப்பில் செருகு என்றாள், செருகினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கைதட்டு. சினிமாவில் கிளாப் அடிக்கிற மாதிரி, முகத்துக்கு நேரே கையைத் தட்டிவிட்டுப் போட்டுப் பார்ப்பது. சத்தம் வருகிறது, உள்ளங்கைகள் இன்னும் ஒரு சாண் தள்ளி நிற்கின்றன, அப்புறம் மெதுவாக வந்து சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. தட்டு. போடு. தட்டு. போடு. பக்கத்து அறையிலிருந்து சுவர் வழியாக, “அங்க யாருக்குக்கா பாராட்டு விழா” என்று ஒருத்தி கேட்கிறாள். சௌடு, “எங்க இசக்கிக்குத்தான், பொன்னாட எடுத்துட்டு வா” என்று கத்துகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி இரண்டரை.

இதையே கைபேசியில் எடுத்துத் தொலைத்திருப்பேன். விடமாட்டார்கள், அறிவுரைத் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, படவில்லைகள், ஸ்லைடுகள்தான், திரை முழுக்க ஓட வேண்டும், ஆசிரியர் முகம் மூலையில் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே பதிவில். வேறு அறைக்கும் போக முடியாது, என் லேப்டாப்பில் பேட்டரி செத்துவிட்டது, பிளக்கைப் பிடுங்கினால் படமும் பிடுங்கிக்கொள்ளும், நூலகத்தில் பேசக்கூடாது, துறைக்குச் சனிக்கிழமை பூட்டு. ஆக இந்த அறை, இந்த மேசை, இந்தப் பிளக். நேற்றிலிருந்து ஐம்பது தடவை கேட்டுவிட்டேன் பதிவில் இருக்கும் அந்தக் குரலை. ஐம்பது தடவை கேட்டால் எந்தக் குரலும் அந்நியமாகிவிடும் போல. ‘வணக்கம் மாணவர்களே’ என்கிறாள் அவள், நிறுத்தி நிதானமாக, தொண்டையில் சளியில்லாமல், ஊர் இல்லாமல். யார் இவள். சரி, எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது, அதைத் தள்ளத் தள்ள வருகிறது, சார் சொல்வது ஒருவேளை, இல்லை, சே, அப்படி நினைக்கக்கூடாது, ஆனால் அன்றைக்கு அம்மா. மூன்று வாரத்துக்கு முன்னால் மாடியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் பண்ணினாள், அதே வாயோடு எடுத்துவிட்டேன், “சொல்லும்மா, அங்க மழை பெஞ்சுதா” என்று.  அந்தப் பக்கத்திலிருந்து, “யாரு பேசுதது? இசக்கி இல்லியா? அவகிட்ட கொஞ்சம் குடுங்கம்மா” என்றாள். ஏம்மா நாந்தான் என்றேன். “அப்பிடியா. எவளோ டீச்சர் எடுத்துட்டான்னு நெனச்சேன்” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். ஆனால் வைக்கும்போது, “சாப்ட்டீங்களா” என்று கேட்டாள். என்னை. பெற்ற மகளை. உடனே சுதாரித்து, “சாப்ட்டியாட்டி” என்று மாற்றிக்கொண்டாள், ஆனால் கேட்டுவிட்டாளே. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத குரலை ஒலியியல் வாத்தியார் சந்தேகப்பட்டால் நான் எந்த முகத்தோடு சண்டைக்குப் போவேன். போவேன். அம்மா கேட்டது வேறு, இவர் எழுதியது வேறு. அம்மா தன் மகளைத் தேடிக் கேட்டாள். இவருக்கு வாளைப்பளம் என்றவளைத்தான் தெரியும், அவளைக் காணோம் என்றதும் புகார் எழுதிவிட்டார். இதை அப்படியே பதில் கடிதத்தில் எழுதலாம். ‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் தேடுபவள் தங்கள் வகுப்பிலேயே இருக்கிறாள்’ என்று தொடங்கலாம். இல்லை, தொல்லிலக்கணத்தில் கிளவி என்றால் சொல், தங்கள் வகுப்பில் நான் கிளவி என்றபோது தாங்கள் கிழவியைத் தேடினீர்கள் என்று தொடங்கலாம். மூன்று கடிதம் மனசுக்குள் எழுதிக் கிழித்தாயிற்று, வீடியோ இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது.

“இதப் பாரு புள்ள.” சௌடு எழுந்து வந்துவிட்டாள், கடலைத்தோல் என் மேசையில் உதிர்கிறது. பதிவு மென்பொருளின் கீழே முப்பது என்று எழுதியிருக்கிறது, வினாடிக்கு முப்பது படம், அதை நம்பித்தான் நான் இவ்வளவு நேரம் லேப்டாப்பைத் திட்டினேன். அவள் வேறு எதையோ திறந்து கேமரா உண்மையில் தருவதைக் காட்டுகிறாள். ஒன்பது. “முப்பது கேக்கறோம், அது ஒம்போதுதான் குடுக்குது. லேப்டாப்பு பாவம், வந்த ஒம்போதையே திரும்பத் திரும்ப அடுக்கி முப்பதாக் காட்டுது. உன்ற சத்தம் சரியா வந்துருது, உன்ற மூஞ்சிதான் லேட்டு.” கேமரா ஏன் ஒன்பது தருகிறது என்றேன். “வெளிச்சம் பத்தல. இருட்டுல அது ஒவ்வொரு படத்துக்கும் கண்ண ரொம்ப நேரம் தொறந்து வெச்சிருக்கும், அப்பத்தான் உன்ற மூஞ்சி தெரியும். அத்தன நேரம் ஒரு படத்துக்கே போச்சுன்னா முப்பது எங்கிருந்து வரும்.” கேமரா அமைப்பில் ஒரு கட்டம் இருந்தது, மங்கல் வெளிச்சத்தை ஈடுகட்டுவது என்று, டிக் அடித்திருந்தது. டிக்கை எடுத்துப் பார் என்றாள். எடுத்தேன். கை தட்டினேன். சத்தமும் கையும் ஒன்றாக விழுந்தன. ஆனால் திரையில் நான் இல்லை. ஒரு கருப்பு உருவம், அதில் இரண்டு கண்வெள்ளை. டிக் போட்டால் முகம் வருகிறது, அசைவு போகிறது. டிக்கை எடுத்தால் அசைவு வருகிறது, முகம் போகிறது. இதில் எதை அனுப்பினாலும் சாருக்கு வசதிதான், முன்னதில் குரல் என்னுடையதல்ல, பின்னதில் ஆளே நானல்ல. ட்யூப்லைட் கதவுக்கு மேலே, என் முதுகுக்குப் பின்னால், போட்டால் இன்னும் கருப்பாகத் தெரிகிறேன். பட்டப்பகல் இரண்டே முக்கால் மணிக்கு, சித்திரை வெயிலில், கோயம்புத்தூரில், எனக்கு வெளிச்சம் பத்தவில்லை. மேசைக்கு நேர் எதிரே, என் மூக்குக்கு நேரே, மூன்றடி அகலத்தில் ஒரு ஜன்னல். அதன் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பெயிண்ட்.

சாலைப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் அடித்தார்கள், நான் சேர்ந்த வருடம். எதிரே பேக்கரி இருக்கிறது, அங்கே நின்று டீ குடிப்பவர்கள் பார்க்கிறார்களாம். பார்க்கிறவன் கண்ணுக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது, ஆகவே எங்கள் கண்ணாடிக்கு. திறக்கவும் கூடாது, திறந்தால் வார்டன் அறையில் போய்க் கையெழுத்து, மூன்று கையெழுத்து சேர்ந்தால் வீட்டுக்குக் கடிதம். இரண்டு வருடமாக இந்தப் பச்சைக்குள் இருந்து பழகி, இது இருட்டு என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. படிக்கும்போது கண் வலித்தால் கண்ணாடி போடணுமோ என்று நினைத்தேன். முகப்பூச்சு வாங்கினேன், கறுத்துப்போகிறேன் என்று. எவ்வளவு அழகாகச் சங்கிலி கோத்திருக்கிறார்கள் பாருங்கள்: பேக்கரியில் ஒருவன் டீ குடித்தான், ஆகவே எனக்கு வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாததால் கேமரா திணறியது, கேமரா திணறியதால் என் உதடு பிந்தியது, உதடு பிந்தியதால் நான் திருடி. இதில் யாரையாவது பிடித்து உலுக்கிக் கேட்டால் ஒவ்வொருவரும் தன் கண்ணியை மட்டும் காட்டிவிட்டு விலகிக்கொள்வார்கள். ஜன்னல் கொக்கியை இழுத்தேன், வரவில்லை, பெயிண்ட் அதோடு சேர்ந்து காய்ந்திருக்கிறது. “அட வேண்டாம் புள்ள, ஏற்கனவே லேட்டா வந்து ரெண்டு கையெழுத்து போட்டிருக்கற” என்கிறாள் சௌடு. கரண்டிக்காம்பை நுழைத்து நெம்பினேன். “மூணாவது விழுந்தா வீட்டுக்குப் போயிரும் லெட்டரு.” போகட்டும், அம்மாவுக்கு அது புரியும், ஜன்னலைத் திறந்தாள் என்று எழுதினால் எந்த அம்மாவுக்கும் புரியும். படக்கென்று விட்டது. பச்சைச் செதில்கள் என் கையில், மேசையில், கீபோர்டில். வெயில் உள்ளே வந்து நேராக என் முகத்தில் விழுந்ததும் கண் கூசிக் கண்ணீர் வந்துவிட்டது, அழுகை இல்லை, சௌடு அழுகை என்று நினைத்துத் தோளைத் தொட்டாள், கையைத் தட்டிவிட்டேன். அமைப்பில் எண்ணைப் பார்த்தேன். இருபது, இருபத்தாறு, முப்பது. அங்கேயே நின்றது.

மூன்று பத்துக்குத் தொடங்கினேன். வணக்கம் மாணவர்களே. குரல் கொஞ்சம் கரகரக்கிறது, கரகரக்கட்டும். இன்று நாம் பார்க்கப்போவது மயங்கொலிகள். ம், உதடு ஒட்டியது, ஒட்டியதைத் திரையின் மூலையில் பார்த்தேன், பார்க்கக்கூடாது, படவில்லையைப் பார். வலி வளி வழி. நோவு, காற்று, பாதை. நாக்கு ஏறுகிறது, தொடாமல் நிற்கிறது, ஏன் இவ்வளவு பயம், நாற்பது நாள் செய்ததுதானே, வாளை என்று வந்துவிட்டால், வராது, வாழை. வாழைப்பழம். பின்வரிசையில் யாரும் இல்லை, ஆனாலும் சிரிப்புக்காக ஒரு கணம் காத்திருக்கிறேன், அந்தக் கணமும் பதிவாகியிருக்கும். ஏழாவது நிமிடம் கீழே வாட்ச்மேன் விசில். நீளமாக ஒன்று, அப்புறம் இரண்டு குட்டி. “யாரும்மா அது ரெண்டாவது மாடி, ஜன்னலச் சாத்து” என்கிறார். சௌடு கதவோரம் நின்று, முதலிலிருந்து ஆரம்பி என்று கையால் சுற்றிக் காட்டுகிறாள். மாட்டேன். விசில் அடித்ததும் என் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியதே, அந்தச் சத்தமும் அந்தக் கண்ணும் ஒரே கணத்தில் விழுந்திருக்கும், அதை எந்தத் திருடி எந்தக் குரலை வைத்து ஒட்டுவாள். பார்க்கட்டும். ஆகவே மாணவர்களே, பொருள் மாறுவது ஓர் எழுத்தில்தான் என்று முடித்தேன். போட்டுப் பார்க்கவில்லை. ஐம்பத்தோராவது தடவை அவளைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அனுப்பும்போது மூன்று ஐம்பத்திரண்டு. விளக்கம் எழுதும் கட்டத்தில் மூன்று கடிதத்தையும் கலந்து பாதி எழுதி, எல்லாவற்றையும் அழித்து, வெறுமையாகவே விட்டேன்.

ஐந்து மணிக்கு முன்பே போன். கிருபாநிதி சார். ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன், சௌடும் கேட்கட்டும் என்று. “இசக்கியம்மாள், பார்த்தேன். ரெண்டு தடவ பார்த்தேன். இப்ப ஒத்துப்போகுது.” சரி சார் என்றேன். “நடுவுல என்னமோ விசில் சத்தம்லாம் வருது. பரவால்ல. மார்க்கு போட்டு அனுப்பிடறேன்.” சௌடு என் முழங்கையைக் கிள்ளுகிறாள், நன்றி சார்னு சொல்லிட்டு வெச்சிரு என்று வாயசைக்கிறாள், சத்தமில்லாமல் அவள் உதடு எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது. நன்றி என்ற சொல் தொண்டை வரை வந்தும்விட்டது. முறைகேடு என்று எழுதியவரிடமிருந்து ஒரு மன்னிப்பு, வேண்டாம், ஒரு ‘தப்பா நெனச்சுட்டேம்மா’, அதற்காக இரண்டு மூச்சு காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு சுத்தமா உனக்கு ழகரம் வரும்னா, ரெண்டு வருசமா வகுப்புல எதுக்கு அப்படிப் பேசின? எங்களக் கிண்டல் பண்ணினியா? எதைத்தாம்மா நான் உன் தமிழ்னு எடுத்துக்கறது?” சௌடு என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

“அது என் தமிள் சார். இது உங்க தமிழ். வாய் ஒண்ணுதான்.”